என் ஓரகத்தியின் மார்க் இல்லாத வகுப்பு

என் ஓரகத்திக்குச் சமைக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைப் பற்றி எங்கள் வீட்டில் யார் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள். அவள் சோறு வைத்தால் அடியில் கரி, மேலே கஞ்சி, நடுவில் ஒரு கரண்டி தேறும். அந்த ஒரு கரண்டியை என் கொழுந்தன் தட்டில் போட்டுவிட்டு, "போன தடவை அரைக் கரண்டிதான் தேறிச்சு" என்பாள். மற்றவர்களுக்கு அது தீய்ந்த சோறு. அவளுக்கு முன்னேற்றம்.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் தெரு முழுக்க "டாக்டர் மருமக வந்திருக்கா" என்று சொல்லி வைத்தார். சும்மா இருப்பார்களா? காய்ச்சல், இருமல், முதுகுவலி என்று வாசலில் ஆள் வந்து நின்றது. இவள் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், ஏன் என்று நீளமாக விசாரித்துவிட்டு, "ரொம்ப சுவாரசியமா இருக்கு. ஆஸ்பத்திரியில போய்க் காட்டுங்க" என்று அனுப்பிவிட்டாள். டாக்டருக்குப் படித்தவள்தான். ஆனால் வைத்தியம் பார்ப்பதில்லை. மருத்துவக் கல்லூரியில் பிசியாலஜி பாடம் எடுக்கிறாள். இதயம் எப்படித் துடிக்கிறது, ஓடினால் ஏன் மூச்சு வாங்குகிறது என்று முதல் வருஷப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை.

மாமியாருக்கு இது தாங்கவில்லை. "சமைக்கவும் வராது, ஊசி போடவும் வராது. இவளை எதுக்குடா கட்டினே?" என்று மகனைக் கேட்டார்.

"பேச்சுத் துணைக்கும்மா" என்றான் என் கொழுந்தன்.

மாடியில் அவர்கள், கீழே நாங்கள். மூன்றாவது பாத்திரம் தீய்ந்த அன்றைக்கு நான் ஒரு தீர்ப்புச் சொன்னேன். "இனிமே சமையல் கீழ, படிப்பு மேல. மேல அடுப்பைத் தொட்டே, தெரியும் சேதி." அவள் சந்தோஷமாகக் கையைக் கட்டிக்கொண்டு, "சரிக்கா" என்றாள். அப்படி உடனே ஒப்புக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. ஒரு சண்டைக்காவது வந்திருக்கலாம்.

கல்லூரியில் அவளுக்கு "ஏன் மேடம்" என்று பெயர். பிள்ளைகள் பாடத்தை ஒப்பித்து முடித்ததும் "ஏன்?" என்பாளாம். அதற்கும் பதில் சொன்னால் இன்னொரு "ஏன்?" இருக்குமாம். ஒரு வருஷம், இதயத்தைப் பற்றிப் புத்தகத்தில் உள்ளதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்து முதல் மார்க் வாங்கின பையன் ஒருவனிடம், "உங்கம்மாவுக்குச் சாயங்காலம் ஆனா கால் வீங்குதுன்னு சொன்னியே, அது ஏன்னு அவங்களுக்குச் சொன்னியா?" என்று கேட்டிருக்கிறாள். அவன் விழித்தானாம். "அது சிலபஸ்ல இருக்கா மேடம்?" என்றானாம். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. சோறு நான் வைத்ததுதான், அதில் ஒரு குற்றமும் இல்லை.

அடுத்த மாதமே சனிக்கிழமை மத்தியானத்தில் ஒரு வகுப்பு ஆரம்பித்தாள். விருப்பம் இருந்தால் வரலாம், இல்லாவிட்டால் வீட்டில் தூங்கலாம். மார்க் கிடையாது, பரீட்சை கிடையாது. வருஷக் கடைசியில் முடித்தார் என்று ஒரு காகிதம் தருவார்கள், அவ்வளவுதான். வருகிற பிள்ளை தானாக ஒரு கேள்வியைப் பிடிக்க வேண்டும். புத்தகத்தில் பதில் இல்லாத கேள்வியாக இருக்க வேண்டும். வருஷம் முழுக்க அதன் பின்னாலேயே அலைய வேண்டும். எதை எங்கே தேடுவது, எப்படி எண்ணுவது, எண்ணியதை எப்படி நம்பாமல் இருப்பது, எழுதுவது எப்படி, நாலு பேர் முன்னால் நின்று பேசுவது எப்படி என்று இவள் கூடவே நடப்பாள்.

முதல் வருஷம் இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவன் செஸ் கிளப் என்று நினைத்து வந்தவன். வந்தவனை இவள் விடவில்லை. அவன் இன்றைக்குக் குழந்தைகளுக்கான பெரிய டாக்டர். இன்னமும் போன் செய்து, "மேடம், அந்த செஸ் போர்டு எப்ப வரும்?" என்று கேட்பான்.

அந்த வகுப்புக்குள் நான் எப்படி வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் யாரோ ஒரு பெண், வகுப்பின் கடைசி நாளில் தான் கண்டுபிடித்ததை எல்லார் முன்னாலும் பேச வேண்டியதற்காக ஒத்திகை பார்க்க வீட்டுக்கு வந்தாள். மாடியில் வெயில் என்று இருவரும் சமையலறை மேஜைக்கு வந்துவிட்டார்கள். நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். பொறுத்துப் பார்த்துவிட்டு நான் கேட்டேன்: "ஏம்மா, நீ இவ்வளவு நேரமா யாரைத் திட்டறே?"

அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிப்போயிற்று. என் ஓரகத்தி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்களுக்கு ஒண்ணுமே புரியலையா?"

"ஒரு வார்த்தை புரியலை."

"ரொம்ப நல்லது" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக.

அன்றிலிருந்து அது வகுப்பின் சட்டம் ஆகிவிட்டது. யாராக இருந்தாலும் கடைசி நாளுக்கு முன்னால் எங்கள் சமையலறைக்கு வந்து எனக்குச் சொல்ல வேண்டும். எனக்குப் புரிந்தால் தலையாட்டுவேன். புரியாவிட்டால் "புரியலை" என்பேன். நான் மழுப்ப மாட்டேன், அவர்களுக்கு வருத்தமாக இருக்குமே என்று பார்க்கவும் மாட்டேன். பேராசிரியர்களுக்குப் பயப்படாத பிள்ளைகள் என் வெங்காயக் கூடைக்கு முன்னால் நின்று வியர்த்துப் போவார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள். டீ கொடுத்தேன், பிஸ்கட் கொடுத்தேன், "முகத்தைக் கழுவிட்டு வந்து முதல்லேருந்து சொல்லு" என்றேன். "அக்கா தலையாட்டினா உலகத்துக்கே புரியும்" என்று என் ஓரகத்தி அவர்களிடம் சொல்லிவைத்திருந்தாள். இப்படியே வருஷங்கள் போயின. நானும் எத்தனையோ கூடை பட்டாணி உரித்துவிட்டேன்.

போன வருஷம் கல்லூரிக்குப் புது டீன் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. பரீட்சையில் நிறையப் பேர் தவறிவிட்டார்கள், பெற்றவர்கள் அவர் அறையில் வந்து கத்துகிறார்கள், அவரும் என்ன செய்வார்? சனிக்கிழமை மத்தியானம் ஹாலில் பரீட்சைக்குப் பயிற்சி வகுப்பு வைக்கலாம் என்று முடிவு செய்தார். அந்த நேரத்தில் ஹாலில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் இவளும் மூன்று பிள்ளைகளும்.

அன்றைக்குச் சாயங்காலம் வந்து என் எதிரில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினாள். நாரை எடுக்காமல் நறுக்கினாள்.

"என்னடி ஆச்சு?"

"வகுப்பை எடுத்துடுவாங்க போலக்கா."

"எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க. சனிக்கிழமையாவது காலை நீட்டிப் படு."

கத்தியைக் கீழே வைத்தாள். இன்னும் இரண்டு வருஷத்தில் அவளுக்கு ஓய்வு. அவள் போன பிறகும் அந்த வகுப்பு நடக்க வேண்டும் என்று ஒரு சின்ன லெக்சரர் பெண்ணைத் தயார் செய்துகொண்டிருந்தாள். இப்போது மூடினால் மூடினதுதான், அதைத் திரும்பத் திறக்க யாரும் வர மாட்டார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஐயோ பாவம் என்று யாராவது அதற்கு இழுத்தால் எனக்குப் பிடிக்காது. அவளும் அப்படி நினைப்பவள் இல்லை. ஆனால் அந்த வகுப்பு அவளே பெற்று வளர்த்தது. எனக்கு அது தெரியும்.

"ஒரு வாய்ப்பு குடுத்திருக்கார்" என்றாள். "கடைசி நாள் நிர்வாகக் குழு வந்து உக்காரும். டாக்டருங்க இல்லை. ஒரு வக்கீலம்மா, ஒரு துணிக்கடைக்காரர், அந்த மாதிரி ஆளுங்க. பசங்க பேசறது அவங்களுக்குப் புரிஞ்சு, இதனால பிரயோஜனம் இருக்குன்னு அவங்க சொன்னா வகுப்பு இருக்கும். இல்லேன்னா இல்லை."

"அவ்வளவுதானே? அனுப்பு மூணு பேரையும். அதுக்குத்தானே நான் இருக்கேன்."

மூன்று பேரும் வந்தார்கள். அதில் முக்கியமானவள் ஒரு நெட்டைப் பெண். நான் கொக்கு என்று கூப்பிடுவேன், அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளுடைய கேள்வி இது. டாக்டர் மாத்திரையை எப்போது, எப்படிப் போட வேண்டும் என்று சொல்கிறார். அந்த அறையிலிருந்து மருந்து வாங்குகிற ஜன்னலுக்கு வருவதற்குள் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். "நான் சொன்னதை நீங்க ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க" என்று டாக்டர் கேட்டுவிட்டு அனுப்பினால் மறதி குறையுமா? இதற்காக அந்தப் பெண் மாதக்கணக்கில் மருந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களையெல்லாம் கேட்டிருக்கிறாள். குறைகிறது என்று கண்டுபிடித்திருக்கிறாள்.

சமையலறையில் வந்து சொன்னாள். தண்ணீர் மாதிரி ஓடிற்று. நான் தலையாட்டினேன். மற்ற இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். மூன்று பேரும் ஒரே தடவையில் தேறியது அதுவரை நடந்ததே இல்லை. பிஸ்கட் டப்பாவைக் காலி செய்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

என் ஓரகத்தி டீ போட்டாள். நான் பக்கத்தில் நின்றால் டீ மட்டும் போடுவாள்.

"கொக்கு நல்லா சொன்னா இல்லக்கா?"

"நல்லா சொன்னா. அதுவும் யாரைத் திருப்பிச் சொல்ல வைக்கிறது, யாரை விட்டுடறதுன்னு சீட்டுக் குலுக்கி எடுத்தா பாரு, அதான் சரி. இல்லேன்னா டாக்டர் முகத்தைப் பார்த்து விவரமான ஆளாப் பொறுக்கித் திருப்பிச் சொல்லச் சொல்லுவாரு. அப்புறம் கணக்கே கோணலாயிடும்."

அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"சீட்டுக் குலுக்கினேன்னு அவ எப்பக்கா சொன்னா?"

"சொன்னாளே."

"சொல்லலை."

"அப்ப குலுக்கலையா?"

"குலுக்கினா. எனக்குத் தெரியும். ஆனா இன்னைக்கு உங்ககிட்ட சொல்லவே இல்லை. விட்டுட்டா."

"சொல்லாட்டி என்ன? குலுக்காம எவ இந்த வேலையைச் செய்வா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். திரிந்துபோன பாலைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"போச்சுக்கா" என்றாள். "நீங்க படிச்சுட்டீங்க."

என்னை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகத் திட்டியிருக்கிறார்கள். இப்படி ஒருத்தரும் திட்டினதில்லை. அவளுக்கும் பட்டாணி உரிக்கிற எனக்கும் நடுவில் இத்தனை வருஷமாக இந்தப் பேச்சு ஓடிக்கொண்டே இருந்ததில் ஏதோ காதுவழியாக உள்ளே இறங்கித் தங்கிவிட்டது. பிள்ளைகள் விட்ட இடத்தையெல்லாம் நானே நிரப்பிக்கொண்டு தலையாட்டியிருக்கிறேன். எங்கள் இரண்டு பேருக்குமே அது தெரியவில்லை. பிள்ளைகளின் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று தோண்டித் தோண்டிக் கேட்கிறவள், என் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்கவே இல்லை.

"மத்த ரெண்டு பேருக்கும் எதையெல்லாம் நிரப்பிக்கிட்டீங்களோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். கடைசி நாளுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

"வேற ஆளைப் பிடிப்போம்" என்றேன். "பக்கத்து வீட்டுக்காரி?"

"அவங்க எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு சொல்லுவாங்க. நம்ம வீடு இடிஞ்சு விழுந்தாலும் அழகா இருக்கும்பாங்க."

"உன் புருஷன்?"

"நான் தீஞ்ச சோறு போட்டாலே பிரமாதம்னு சொல்ற ஆளு."

அப்போது கூடத்திலிருந்து குறட்டை கேட்டது. என் வீட்டுக்காரர். பஸ் டிப்போவில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பேச்சில் சாரம் இல்லை என்று தோன்றினால் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவார். வேண்டுமென்று செய்வதில்லை, அது தானாக வரும். எங்கள் கல்யாணத்தில் வாழ்த்திப் பேசின பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் இதற்குச் சாட்சி.

இருவரும் ஒரே நேரத்தில் கூடத்தைப் பார்த்தோம்.

"அத்தானுக்கு மரியாதைக்காகவாவது முழிச்சிருக்க வருமாக்கா?"

"என் பேச்சுக்கே இதுவரைக்கும் முழிச்சிருந்ததில்லைடி."

"அப்ப அவர்தான்" என்றாள்.

மறுநாளே மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கொக்கை எதிரில் நிறுத்தினோம். "நோயாளிகளின் நினைவில் தங்கும் தகவலின் அளவு" என்று ஆரம்பித்தாள். இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள் அவர் தலை சாய்ந்துவிட்டது. பாவம், அந்தப் பெண் குரலை உயர்த்தினாள்.

"கத்தாதே" என்றாள் என் ஓரகத்தி. "கத்தினா தூக்கம் கலையும். விஷயம் உள்ள போகாது. முதல்லேருந்து வா."

அப்படி எத்தனை தடவை முதலிலிருந்து வந்தாளோ. மற்ற இரண்டு பேரையும் அவர் அதே மாதிரிதான் கவனித்துக்கொண்டார். ஒருவன் முதல் நாள் "வணக்கம்" சொன்னபோதே கண்ணை மூடினார். அவன் மனம் உடைந்து வெளியே போய் நின்றுவிட்டான். "அது பழைய தூக்கம்டா, உன்னால வந்ததில்லை" என்று நான்தான் சமாதானம் சொல்லிக் கூட்டி வந்தேன்.

கொக்கு இன்னொரு நாள் வந்து நின்றாள். மனப்பாடம் செய்ததையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு நேராகக் கேட்டாள்: "அங்கிள், போன தடவை டாக்டர்கிட்ட போனீங்களே, மாத்திரையை எப்பப் போடச் சொன்னாரு?"

"காலைல, சாப்பிட்டப்புறம்" என்றார்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி" என்றேன் நான். "நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"அப்புறம்னுதான் சொன்னாரு."

"முன்னாடி. இத்தனை நாளா பின்னாடியா போடறீங்க?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தூக்கம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அந்தப் பெண் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு, மருந்து ஜன்னலில் தான் பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு விரலை ஆட்டினார்.

"நல்லா ஞாபகம் வச்சுக்கிற ஆளாப் பார்த்து நீ திருப்பிச் சொல்ல வச்சிருப்பே. என்னை மாதிரி ஆளைச் சொல்ல வச்சிருந்தா உன் வண்டவாளம் தெரிஞ்சிருக்கும்."

"இல்லை அங்கிள், சீட்டுக் குலுக்கித்தான்..." என்று ஆரம்பித்தவள், அப்படியே நின்று என் ஓரகத்தியைத் திரும்பிப் பார்த்தாள். தான் எதை விட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கக்கூடாது என்று உத்தரவு.

கடைசி நாள் நாங்களும் போனோம். படிப்படியாக ஏறுகிற மரப் பெஞ்சுகள், மேலே கிர்ரென்று சுற்றுகிற மின்விசிறி, மூலையில் பெரிய பிளாஸ்டிக் காது ஒன்று, அதில் உள்ளே இருக்க வேண்டிய ஒரு துண்டைக் காணோம். முன் வரிசையில் டீன், வக்கீலம்மா, துணிக்கடைக்காரர், இன்னும் சிலர். என் ஓரகத்தி ஓரமாக நின்றாள். அவள் குழுவைப் பார்க்கவே இல்லை. நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரின் கண் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் இரண்டு பேர் பேசினார்கள். ஒருவன் பேசும்போது நடுவில் அவர் இமை கொஞ்சம் தாழ்ந்தது. அவனும் அதைப் பார்த்துவிட்டான். உடனே சொன்னதை விட்டுவிட்டு ஒரு உதாரணத்துக்கு வந்தான், இமை ஏறிக்கொண்டது. பிறகு கொக்கு. டாக்டர் கடைசியாக என்ன சொன்னார் என்று குழுவில் இருந்தவர்களையே கேட்டு ஆரம்பித்தாள். வக்கீலம்மா தன் பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

துணிக்கடைக்காரர் கேட்டார்: "விவரமானவங்களாப் பொறுக்கி எடுத்திருக்கலாமில்லையா?" எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்ட அதே கேள்வி. அவள் சீட்டுக் குலுக்கினதை, ஏன் குலுக்கினாள் என்பதைப் பொறுமையாகச் சொன்னாள். அவர் விடவில்லை.

"சரி, வீட்டுக்குப் போய் ஒரு மாசம் கழிச்சும் ஞாபகம் இருக்குமா?"

இது எங்கள் கூடத்தில் வராத கேள்வி. நான் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியலை சார்" என்றாள் அந்தப் பெண். "நான் மருந்து ஜன்னல் வரைக்கும்தான் பார்த்தேன். அதுக்கு மேல சொன்னா அது என் கற்பனை."

டீன் நாற்காலியில் நெளிந்தார். என் ஓரகத்தி மட்டும் யாரோ சொத்து எழுதிவைத்த மாதிரி சிரித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அதை யாரு பார்க்கப் போறா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"அடுத்த வருஷம் யாராவது வந்து எடுத்துக்கிட்டா பார்க்கலாம் மேடம்."

"வகுப்பு இருந்தாத்தானே வருவாங்க" என்றார் வக்கீலம்மா. அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை, டீன் பக்கம் திரும்பிச் சொன்னார்.

வகுப்பு பிழைத்தது. ஹால் பிழைக்கவில்லை. ஹாலில் பரீட்சைப் பயிற்சிதான் என்று டீன் உறுதியாக இருந்தார், அதுவும் நியாயம்தான். இவளுக்குப் பின்கட்டில் உடைந்த கட்டில்கள் போட்டுவைத்திருந்த சாமான் அறையைக் கொடுத்தார்கள். நான் துடைப்பத்தோடு போய்ப் பார்த்தேன். ஒட்டடை என் தலையில் வந்து விழுந்தது. "ஒரு பல்பாவது இருக்கா இங்க?" என்றேன். "ஜன்னல் இருக்கே அக்கா" என்றாள். அந்தப் பிளாஸ்டிக் காதையும் ஹாலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். சின்ன லெக்சரர் பெண் அதன் காணாமல் போன துண்டைக் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் அங்கே ஒன்பது பேர் வருகிறார்கள். ஒத்திகை இப்போதும் எங்கள் வீட்டில்தான், ஆனால் கூடத்தில். எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். என் முகத்தைப் பார்த்தே எதை விட்டோம் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்களாம், அதனால் சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் பட்டாணி உரிக்க வேண்டும். என் ஓரகத்தியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். உரிக்க மாட்டாள், தின்பாள்.

போன சனிக்கிழமை ஒரு புதுப் பையன் பேசிக்கொண்டிருந்தான். நான் குனிந்து, "எதோட ஒப்பிட்டான்னு சொல்லவே இல்லையே" என்றேன்.

"உஷ்" என்றாள். "நீங்க பேசக்கூடாது. நீங்க பாஸாயிட்டீங்க."

கூடத்திலிருந்து குறட்டை கேட்டது. பையனின் குரல் நின்றது. அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தான்.